மா அவிக்கும் துணி

கரவெட்டி
கார்த்திகை 24

அன்பு மகள் தக்சாயினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் வாகீசனும் என் குஞ்சு லக்சனும் ஒஸ்லோக் குளிருக்குள் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மழை நன்றாகப் பெய்து கிணறு மேல்படி வரை வந்துவிட்டது, அப்பா வெங்காயம் நடத் தொடங்கிவிட்டார், முழங்கால் நோ என்று ஒரு நாளும் வாய் திறந்து சொல்லமாட்டார், இருந்து எழும்பும்போது முகத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும். கிழமைக்கு மூன்று தரம் வீடியோவில் கதைக்கிற இந்தக் காலத்தில் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். கதைக்கும்போது லக்சன் பக்கத்தில் வந்து நிற்கிறான். அவனுடைய முகத்தைக் கண்டால் சொல்ல வந்ததை விட்டு மழையைப் பற்றிக் கதைத்துவிடுகிறேன். ஒன்பது நாளாக இப்படித்தான். இதை நீ வாசித்துவிட்டு மருமகனிடமும் கொடு, அவரும் வாசிக்கவேண்டும்.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் மாதம் லக்சன் சத்தியெடுத்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது நீ வாங்கிய மீனால் இல்லை மகள். என்னால்.

ஆனி மாதம் வெங்காயம் கிண்டி எடுத்தோம், விதைக்கென்று நல்லவற்றைப் பிடி பிடியாகக் கட்டி அப்பா கொட்டிலில் தொங்கவிட்டார். மழைக்காலம் நடும்வரை அது பழுதாகாமல் இருக்கப் பூச்சி மருந்துத் தூள் போடவேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற மாதிரித்தான் நானும் செய்தேன், மெல்லிய துணியில் தூளை முடிந்து, பிடிகளுக்கு மேலே தட்டித் தட்டிக் கொண்டு போவது. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை முன்பே இரண்டாகக் கிழித்து வைத்திருந்தேன், ஒரு துண்டு மா அவிப்பதற்கு, மற்றது இந்தத் தூளுக்கு. தூள் போட்ட அன்று நான் எவ்வளவு கவனம் தெரியுமா, அப்பாவுக்கு முகக்கவசம் கட்டிவிட்டேன், கையுறை போடவைத்தேன், முடிந்ததும் கிணற்றடியில் தலையோடு முழுகப் பண்ணினேன். வேலிக்கு அப்பால் நின்ற மீனாம்பிகை அக்கா, என்ன ரீச்சர், அண்ணையை ஒப்பரேசனுக்கு அனுப்பிறியளோ என்று சிரித்தா. பிறகு இரண்டு துணியையும் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து ஒரே கொடியில் காயப்போட்டேன். நல்ல துணியை எறிய மனம் வரவில்லை. காய்ந்ததும் ஒன்றை மடித்துக் குசினி மேசை லாச்சியில் வைத்தேன், மற்றதைக் கொட்டிலில் இருக்கும் தகரப் பேணிக்குள் போட்டேன். எது எது என்று பார்க்கவில்லை. இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரு வேட்டி, சவர்க்காரம் போட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பித்தவள் நினைத்தது அது.

பிறகு ஓகஸ்ட் விடுமுறைக்கு நீயும் லக்சனும் வந்தீர்கள். நான் உன்னை எத்தனை பாடு படுத்தினேன் என்று இப்போது ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. சூடான சாப்பாட்டை ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போடாதே என்று உன் கையில் இருந்து பறித்தேன். லக்சனுக்கு நீ கொண்டுவந்த நிறம் போட்ட இனிப்பை எடுத்து, பெட்டியில் இருந்த எழுத்துகளைக் கண்ணாடி போட்டு வாசித்துக் காட்டினேன். கரண்டியால் சுரண்டிப் பூச்சுப் போன சட்டியில் என் பேரனுக்கு முட்டை பொரிக்கிறாயா என்று கேட்டு உன்னை அழவைத்தேன். குரக்கன் புட்டு, கீரைச் சொதி, பயறு என்று சத்துச் சாப்பாடாக அந்தப் பிள்ளையின் வாய்க்குள் திணித்தேன். நீ ஒரு தரம்கூட எதிர்த்துக் கதைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை அவன் குரக்கன் வேண்டாம் என்று கதிரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கும் பாவமாக இருந்தது, சரி இன்றைக்கு மட்டும் என்று அவனுக்கென்று தனியாக ஒரு பேணி கோதுமை மா எடுத்து, லாச்சியில் இருந்த துணியில் கட்டி அவித்து, அரித்து, புட்டு அவித்தேன். எனக்குச் சீனி வருத்தம், அப்பாவும் வெள்ளை மா தொடமாட்டார், நீயும் எங்களோடு குரக்கன்தான் சாப்பிட்டாய். மீன் குழம்பு எல்லோருக்கும் பொது.

ஒரு மணித்தியாலத்துக்குள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுததும், வாயால் நீர் வடிந்ததும், வியர்வையில் நனைந்ததும், ஓட்டோவுக்குள் உன் மடியில் துவண்டு கிடந்ததும் உனக்கு நான் எழுதத் தேவையில்லை. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ ஆஸ்பத்திரித் துண்டு பதியப் போயிருந்தபோது அந்தப் பெண் டொக்டர் என்னிடம், வீட்டிலை பயிருக்கு அடிக்கிற மருந்து ஏதும் பிள்ளையின்ரை கையிலை பட்டிருக்குமோ என்று கேட்டா. நான் யோசிக்கவே இல்லை மகள். நான் சுகாதாரம் படிப்பிச்ச ரீச்சர், எங்கடை வீட்டிலை அப்பிடி ஒண்டும் நடக்காது, மீன்தான் பழுது, போமலின் போட்ட மீன் என்று சொன்னேன். மீன் கெடாமல் இருக்கப் போடுகிற போமலினைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

வகுப்பில் நான் ஒரு கணக்கு வைப்பேன், உனக்கும் வீட்டில் சொல்லித் தந்திருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் சாப்பிட்டார்கள், மூன்று பேருக்கு வயிற்றால் போனது, பத்துப் பேரும் சாப்பிட்டது சாம்பார், அந்த மூன்று பேர் மட்டும் குடித்தது மோர், பிழை எதில் என்று கேட்பேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மோர் மோர் என்று கத்துவார்கள். அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டது மீன். லக்சன் மட்டும் சாப்பிட்டது வெள்ளைப் புட்டு. எட்டாம் வகுப்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிய விருப்பமில்லையா என்று இந்த ஒன்பது நாளும் என்னையே கேட்கிறேன்.

மீன் கொண்டுவருகிற பருத்தித்துறை றஞ்சித்தை உனக்கு ஞாபகம் இருக்கும், மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்து வருவார். நீயே கேற்றடிக்குப் போய் விளைமீன் தெரிந்தெடுத்தாய். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே நான் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டேன், அவரிடம் மீன் வாங்காதீர்கள் என்று. ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவர் கேற்றடியில் நின்று, ரீச்சர், விடியக் கரைக்கு வந்த மீன், என்ரை பிள்ளையளும் உந்த மீனைத்தான் திண்டதுகள் என்று சொன்னார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அதைவிடப் பெரிய பிழை உனக்குச் செய்தது. மருமகன் தொலைபேசியில், றோட்டாலை வாற மீனை வாங்கிப் பிள்ளைக்குக் குடுத்தனியோ என்று உன்மேல் கத்தியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்ரை பிழைதான் என்று நீ சொன்னாய். நான் உன் தலையைத் தடவி, பரவாயில்லை, இனிக் கவனமாயிரு என்றேன். போன மாதம்கூட நீ, நான் இப்ப அவனுக்கு இங்கத்தை மீனும் குடுக்கிறேல்லை அம்மா, பயமாக் கிடக்கு என்று சொன்னாய். மீனுக்குப் பேர்போன நாட்டில் இருந்துகொண்டு பிள்ளைக்கு மீன் கொடுக்காமல் இருக்கிறாய், நான் தந்த பயத்தால்.

இந்த மாதம் வெங்காயத்தை இறக்கும்போது, மிச்சப் பிடிகளுக்கு இன்னொரு தரம் தூள் போடுவோம் என்று கொட்டில் பேணியில் இருந்த துணியை எடுத்தேன். அதன் ஓரத் தையலுக்குள் மா காய்ந்து கல்லுப் போல இருந்தது. தூளுக்கு வைத்த துணியில் மா எப்படி வரும்? குசினிக்கு ஓடிப்போய் லாச்சியில் இருந்ததை விரித்துப் பார்த்தேன், நடுவில் தூளை முடிந்து நூல் கட்டிய வட்டத் தடம், சுற்றிவரச் சாம்பல் நிறம். மூக்கில் வைத்தேன். அந்த மருந்துத் தூள் மணம்தான். சவர்க்காரம் போட்டுக் கசக்கியும் தையலுக்குள் இருந்த மா போகவில்லை என்றால் அந்தத் தூள் மட்டும் எப்படிப் போயிருக்கும்? அப்பாவிடம் சொன்னேன். பிள்ளை இப்ப சுகமாயிருக்கிறான், ஏனப்பா சொல்லிக் கிளறுறீர் என்றார். நானும் ஆறு நாள் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டொக்டரைப் பார்த்தேன். அவ என்னை ஏசவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அண்டைக்கே சொல்லியிருந்தால் நாங்கள் வேற மாதிரிப் பாத்திருப்பம் ரீச்சர் என்று மட்டும் சொன்னா. அவன் அதன்பிறகு ஓடி ஆடித் திரிகிறான் என்றதும், பயப்படத் தேவையில்லை, ஆனாலும் அங்குள்ள டொக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லி ஒருக்கால் காட்டச் சொல்லுங்கள் என்றா. தூள் வாங்கிய கடையில் கேட்டு அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தனித் தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். தள்ளிப்போடாதே.

நேற்று முன்தினம் ஒழுங்கை முகப்பில் போய் நின்றேன். றஞ்சித் ஹோர்ன் அடிக்காமல் போகப் பார்த்தார், கையைக் காட்டி மறித்தேன். மீனாம்பிகை அக்காவும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள், அவர்கள் கேட்கத்தான் சொன்னேன், உங்கள் மீனில் ஒரு பிழையும் இல்லை, பிழை என் குசினியில் என்று. அவர் மோட்டார் சைக்கிள் இஞ்சினை நிப்பாட்டவும் இல்லை. உங்கடை ஒழுங்கையாலை போகேக்கை ஹோர்ன் அடிக்கவே பயந்தனான் ரீச்சர், ஹோர்னுக்குள்ளையும் போமலின் எண்டு சொல்லுவியளோ எண்டு என்றார். மீனாம்பிகை அக்கா சிரித்தா, நான் தலை நிமிரவில்லை. பிறகு அவர் கேட்டார், உங்கடை மேளுக்குச் சொல்லிப் போட்டியளோ, அந்தப் பிள்ளை அண்டைக்கு ரெண்டு தரம் செவுளைப் பிரிச்சுப் பாத்தெல்லே எடுத்தவ என்று. இல்லை என்றேன். முதல் அங்கை சொல்லுங்கோ, எனக்குப் பிறகு சொல்லலாம் என்று போய்விட்டார். நீ செவுள் பார்த்து வாங்கினாய் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. பெற்ற நான் அதை மறந்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாய் எழவில்லை. ஆனாலும் இந்த ஒன்றைக் கேள், குசினித் துணி, பேணி, கரண்டி எதையும் வேறு வேலைக்குக் கொடுக்காதே, கொடுத்தால் கழுவித் திருப்பி எடுக்காதே. நான் அந்த இரண்டு துணியையும் பையில் போட்டுக் கட்டி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அப்புறப்படுத்திவிட்டேன். தூளும் இனி வீட்டுக்கு வராது, கொஞ்ச வெங்காயம் அழுகினால் அழுகட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் மற்றதையெல்லாம் எழுதினேன். அன்றைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு லக்சன், அம்மம்மா, புட்டு ஒரு மாதிரி மணக்குது என்றான். நீ முற்றத்தில் நின்றாய். அது தேங்காய்ப்பூ மணம் ராசா என்று சொல்லி, தட்டில் இருந்ததை நானே குழைத்து முழுவதையும் ஊட்டி முடித்தேன். அவன் என்னை நம்பி வாயைத் திறந்தான்.

அடுத்த விடுமுறைக்கு வாருங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அதை நீங்கள் இருவரும் தீர்மானியுங்கள், எதுவென்றாலும் எனக்குச் சரி. நீ இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போய் உன் கண்ணாலேயே பார்த்து நல்ல மீன் வாங்கி அவனுக்குச் சமைத்துக் கொடு, உனக்குப் பார்க்கத் தெரியும். பிள்ளையார் உங்கள் மூவரையும் நோய்நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும், என் குஞ்சு நூறு வயதுக்கு வாழட்டும். மறக்காமல் லக்சனுக்கு இந்த வரியை வாசித்துக் காட்டு, ராசா, புட்டு மணக்குது என்று நீ சொன்னது சரி, அம்மம்மா சொன்னதுதான் பிழை. இனி யார் ஊட்டினாலும், ஒரு மாதிரி மணத்தால் வாயை மூடிக்கொள்ளச் சொல்லு. நான் ஊட்டினாலும்.

உன் அம்மா,
சீ. பராசக்தி