சஹனில் என் இடம்

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டிவலி குறைந்ததா? உம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

நம் ஊர்ப் பழைய வீடுகளைப் பற்றிப் படிக்க, டிசம்பரில் பன்னிரண்டு மாணவர்களைப் பத்து நாள் காயல்பட்டினத்துக்கு அழைத்து வருவதாகச் சொன்னேன் அல்லவா? அதற்கு ஒத்திகையாகச் சனிக்கிழமை காலை அவர்களை இங்கே நம் தமிழர் கடைத்தெருவான தேக்காவுக்குக் கூட்டிப்போனேன். காய்கறிக் கடை வாசலில் இருவர் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் வீசிய உடைந்த பாட்டில் என் மாணவி ஆஸ்மாவின் தாடையைக் கிழித்தது. சட்டையெல்லாம் ரத்தம். அவன் மறுபடியும் கையை ஓங்கினான்.

"அடிதடி நடந்தால் ஆசிரியர் தலையிடக் கூடாது, மாணவர்களை ஓரமாக ஒதுக்கி, எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்" என்று பயணத் திட்டத்தில் எழுதியவளே நான்தான். ஆனால் என் இரும்புத் தண்ணீர்க் குடுவையால் அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்த சத்தம் கேட்டது. கீழே விழுந்த பிறகும் அடித்தேன்.

"போதும் லா மேடம், விட்டுடுங்க! செத்துடுவான்!" என்று ஆஸ்மாதான் என்னை இழுத்தாள்.

எனக்கு விரலில் நாலு தையல், அவ்வளவுதான். கதவில் நசுங்கியது என்று உம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

போலீஸ் விசாரணை முடியும்வரை நான் பயணம் செய்யக் கூடாதாம். வேறோர் ஆசிரியர் மாணவர்களை அழைத்து வருவார். விருந்துக்கு ஆக்கும் களறிக் கறியில் காரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தாடையில் தழும்போடு ஒருத்தி வருவாள், அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிடும்போது, உங்கள் வலப்பக்கம் என் இடத்தில் அவளை உட்கார வையுங்கள். எனக்குத் தள்ளிவிடுவதுபோல நல்ல கறித்துண்டை அவள் பக்கம் தள்ளிவிடுங்கள்.

வகுப்புக்கு மணியாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஜுவைரியா