வெள்ளை அடித்த டிரம்

பிப்ரவரி 8, பொம்மையார்பாளையம்

பழைய ஸ்கூல் வேனை வீடாக மாற்றிய பிறகு இதுதான் முதல் பயணம். படுக்கை, அடுப்பு, சிங்க், தண்ணீருக்கு ஒரு வெள்ளை டிரம், எல்லாம் உள்ளேயே. கடலைப் பார்த்துக்கொண்டே தோசை சுட்டேன்.

மதியம் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. என் வீட்டுக்காரர் நடராசன் பியூஸ் பார்த்தார், பேட்டரி பார்த்தார். இரண்டும் சரி. "எங்கியோ காத்து இழுக்குது" என்று ஓஸ் கிளிப்பை முறுக்கினார். நூல் மாதிரி கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

மகள் கலைப்பிரியாவுக்கு விடிந்ததிலிருந்து வாந்தி. கடல் காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ? விழுப்புரம் திரும்பிவிட்டோம்.

பிப்ரவரி 10

அவர் வேலைக்குப் போயிருந்தார். நானே பம்பைக் கழற்றினேன். டிரம்முக்கும் பம்புக்கும் நடுவில் சின்ன பில்டர். அதன் சல்லடை முழுக்க வெள்ளையாகப் பிசுபிசுப்பு. கழுவி மாட்டி சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

பக்கெட்டைப் பார்த்தேன். தண்ணீர் பால் கலந்தது போல இருந்தது. அந்த வாசனை... பெயின்ட் வாசனை என்றுதானே இத்தனை நாளும் நினைத்தோம்? வயலில் மல்லாட்டைச் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்து வாசனை அது.

கத்தியால் டிரம்மின் வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டினேன். அடியில் நீலம். பிறகு கிழிந்த லேபிள். அதில் மண்டை ஓடு.

நாங்கள் இருவரும் குடித்தது கேன் தண்ணீர். கலைப்பிரியா? கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் பைப்ல புட்ச்சி குட்ச்சேம்மா. ஜாலியா இருந்துச்சு."

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கோம். அவரை வரவழைத்து, பிள்ளையைத் தூக்கிக்கினு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பிப்ரவரி 11, ஆஸ்பத்திரி

டிரிப்ஸ் ஏறுகிறது. "கொஞ்சமாதான் உள்ள போயிருக்கும்மா. மருந்து ஏறியிருந்தா கண்ணுமணி சுருங்கும், இவளுக்கு நல்லாதான் இருக்கு. இருந்து பாக்கலாம்" என்றார் டாக்டர். அவள் தூங்குகிறாள். நான் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 15

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று அவளை அவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் திண்டிவனம் போனேன். வேனுக்கு வேலை செய்துகொடுத்த அந்தோணிசாமியின் சட்டையைப் பிடிப்பது என்றுதான் போனேன்.

செல்லில் அந்த லேபிளின் போட்டோவைக் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"டிரம்ம வித்தவங்க பெயின்ட் அட்ச்சிதாங்க்கா குடுத்தாங்க. கழுவுனதுன்னு சொன்னாங்க." திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். "எங்க வூட்லயும் அதாங்க்கா."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அதே போல் வெள்ளை டிரம். அவர் மனைவி ஆரோக்கியசெல்வி அதிலிருந்து சொம்பில் மொண்டுகொண்டிருந்தாள். மாசமாக இருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அந்தோணிசாமி ஸ்பேனரால் பெயின்ட்டைச் சுரண்டினார். அதே மண்டை ஓடு.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம், மெதுவாக: "முன்ன ரெண்டு வவுத்துல தங்கலக்கா. இதனாலயா?"

சொம்பை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே ஊற்றினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் வந்த ஆட்டோவிலேயே அவர்கள் இருவரையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பிப்ரவரி 16

டிரம் விற்றவன் மேல் அந்தோணிசாமியே போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறதோ.

மார்ச் 20

ஆரோக்கியசெல்வி போன் செய்தாள். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறதாம். "இப்போதைக்கு" என்று டாக்டர் சேர்த்துச் சொன்னாராம்.

மே 4

வேனை விற்க நடராசனுக்கு மனம் வரவில்லை. அந்தோணிசாமி வந்து ஸ்டீல் தொட்டி, புது ஓஸ், புது பம்பு எல்லாம் மாட்டிவிட்டுப் போனார். குழாயைத் திறந்தேன். தெளிவான தண்ணீர். ஒரு டம்ளர் பிடித்துக் கலைப்பிரியாவிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

"நீ மொதல்ல குடிம்மா."

குடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.