அசையாத ஊசி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹாமர்ஃபெஸ்டிலிருந்து ஆஷில்ட். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று, வீட்டிலேயே காய்ச்சிய என் முதல் பீரைக் குடிக்க மீன் ஆலை நண்பர்களைக் கூப்பிட்டிருந்தேன். ஆளுக்கு அரைக் குவளை ஊற்றுவதற்குள் பீப்பாய்க் குழாய் புஸ்ஸென்று நின்றுவிட்டது. பீரைத் தள்ளும் கரியமில வாயு சிலிண்டர் காலி! அழுத்தம் காட்டும் ஊசியைத் தினமும் பார்த்துத்தான் வந்தேன். முந்தின நாள் வரை அது இம்மியும் இறங்கவில்லை.

அவர்களில் ஓட்வார் விழுந்து விழுந்து சிரித்தான். "ஊசிய நம்பியா விருந்து வெச்ச? சிலிண்டருக்குள்ள வாயு திரவமாத்தான் இருக்கும். அது கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஆவியாகி அழுத்தத்த அப்படியே வெச்சிருக்கும். அது தீர்ந்தாதான் ஊசி விழும். சிலிண்டர எடை போட்டுப் பாக்கணும், தாயே!"

பிறகு எல்லோரும் காபி குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

பழுப்புப் பாலாடைக்கட்டி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கடையிலும் கிடைக்கிறது, ஆனாலும் அனுப்புங்கள்.

அம்மா இறந்ததிலிருந்து, தொலைபேசியில் எப்போது கேட்டாலும் அதே குரலில், "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறீர்கள். குளியலறையில் தராசு இருக்கிறதல்லவா? ஏறி நின்று, அது காட்டுவதை எழுதுங்கள்.

ஆலைப் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் ஆஷில்ட்