அப்பாவுக்கு வைத்த ஸ்பேர்

முகேஷ்,

ஓசூரிலிருந்து வந்ததும் முதலில் சாப்பிடு. சட்டியில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது.

பீரோவில் இருக்கும் உன் ஸ்பேர் வேப்பை, அந்த பேட்டரி சிகரெட்டை, தொடாதே. கையில் இருப்பது ரிப்பேரானால் மறுபடி சிகரெட்டுக்குப் போய்விடுவாய் என்று நான்தான் அதைப் பூட்டி வைத்தேன். தினமும் சார்ஜ் இறங்குவதைப் பார்த்து, "திருட்டுத்தனமா ஊதுறியாடா?" என்று உன்னிடம் கத்தினேன். தப்பு என்னுடையது. நீ வீட்டில் இல்லாத இந்த மூன்று நாளும் இறங்கியது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

போன மாதம் அப்பா படையலில் சிகரெட் வைத்தால் நீ எடுத்துவிடுவாய் என்று பயந்து, அவர் படத்துக்கு முன்னால் அந்த ஸ்பேரை வைத்தேனே, அன்றிலிருந்துதான் இப்படி. அதனால் இன்று அவருக்கு இரண்டு சிகரெட் வைத்திருக்கிறேன். அது அவருடையது. கை வைக்காதே.

அக்கா

பி.கு.: டிபன் பாக்ஸை மறந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்தேன். ஒரு சிகரெட் பாதி எரிந்திருக்கிறது. பில்டர் ஈரமாக இருக்கிறது. தீப்பெட்டி என் பையில்தான் இருந்தது.

குழம்பையும் இந்தச் சீட்டையும் கீழ்வீட்டு சந்திரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நான் பீன்யாவில் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே இரு. அப்பா குரல் கேட்டாலும் மேலே போகாதே.