மூன்றாவது தொட்டிக்குத் தண்ணீர் கிடையாது

என்னங்க,

நேற்று நான் கத்தியது கத்தியதுதான். ஆனாலும் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவரை எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. கொல்லைக் கதவுச் சாவி ஜன்னலில்.

நம் பிள்ளைகளுக்கு அந்தக் கொல்லைதான் பள்ளிக்கூடம். மூன்று தொட்டியில் அவரைச் செடி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதற்குத் தண்ணீர் கிடையாது, அதுதான் பாடமே. நீங்கள் பாவம் பார்த்துத் திருட்டுத்தனமாக ஊற்றப்போய், "தண்ணியே இல்லாம செடி வளருதும்மா!" என்று சின்னவள் குதிக்கிறாள். இனிமேல் அந்தத் தொட்டிப் பக்கமே போகாதீர்கள்.

பி.கு.: செருப்பு மாட்டும்போது பெரியவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் அசரவே இல்லை.

"தெரியும்மா, தொட்டிக்கு அடியில ஈரம் இருந்துச்சே. தங்கச்சிகிட்ட சொல்லாதே. நான் இப்ப செடியைப் பாக்கல, அப்பாவைத்தான் பாக்குறேன்."

"என்னடி கண்டுபிடிச்சே?"

"ஒரு இலை வாடினாப் போதும்மா, அப்பா வந்துடுறாரு."

மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுங்கள். நான் சொன்னதாக மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள்.