நீ அணைத்த மஞ்சள் விளக்கு

இன்று காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். எங்கள் அடுக்ககத்தின் மேல்மாடிக்காரர் தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது கையில் தீப்பெட்டி அளவில் நீல நிறத்தில், காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் அந்தக் கருவி. உன்னுடையது போலவே.

"மேடம், உங்க ஃப்ரெண்டு ஒருத்தவங்க இதைத்தான் எப்பவும் கையில வச்சிருப்பாங்கன்னு சொன்னீங்களே. ஆன்லைன்ல மலிவா கெடைச்சுது. வச்சுக்கலாமா, இல்ல திருப்பி அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். அவர் என்ன நினைத்தாரோ, நான் பதில் சொல்லாமல் மேலே வந்துவிட்டேன். பாலைக் காய்ச்சாமல் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் தெரிந்த விஷயத்திலிருந்து நான் இன்னும் மீளவில்லையடி.

அந்தக் கருவி உன்னிடம் வந்த கதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே அலுவலகத்தில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெறும் வயதில் இருவரும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். பெற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நீ கார் வாங்கினாய். என் லைசென்ஸ் பர்ஸுக்குள் தூங்கியது. ஒரு நாள் உன் கார் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கொண்டுபோன இடத்தில் ஏதோ சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். "பார்க்காமலே சொல்றான்டி" என்று நீ கொதித்தாய். மறு வாரமே ஒரு ரவிக்கை தைக்கும் கூலிக்கு இந்த நீலக் கருவியை வரவழைத்துவிட்டாய்.

அதை ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகி, போனோடு சேர்த்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீ பார்த்த பார்வை இருக்கிறதே! போன் திரையில் ஓர் எழுத்து, நான்கு இலக்கங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தேடினாய். எஞ்சினுக்குள் காற்று அதிகமாகப் போகிறது என்று வந்தது. பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ரப்பர் குழாயாக விரலால் தடவி, ஒன்றில் வெடிப்பைக் கண்டுபிடித்தாய். குழாயை மாற்றிச் சில நாள் ஓட்டியதும் விளக்கு தானாக அணைந்தது. அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. மலைக்கோட்டைக் கடைவீதிக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போனால்கூட, வாடகைக் கார் டிரைவரிடம் "கொஞ்சம் கதவைத் திறங்கோ, ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்துவிடுவாய். அவர் உன்னை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று நினைத்துப் பயந்தது தனிக் கதை.

அது உன் காலை வாரிவிட்ட கதையும் உண்டு. அடுத்த முறை திரையில் சென்சாரின் பெயரே வந்தது. நீ யாரையும் கேட்காமல் புது சென்சார் வாங்கி மாட்டினாய். நாலு நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டு வந்தாய். அவர் பார்த்துவிட்டு, சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருப்பதைக் காட்டினார். "இது எந்த எடத்துல வலின்னு சொல்லுங்கம்மா. எதனால வலின்னு நாமதான் தேடணும்" என்றார். உன் வீட்டுக்குத் திரும்பும் வழியில், காவிரிப் பாலம் தாண்டும்வரை நீ என்னோடு பேசவில்லை. என்னவோ நான்தான் அந்த எலியை வளர்த்த மாதிரி! பிறகு ஒரு முறை கருவியைச் செருகியபடியே விட்டுவிட்டுப் பெண் வீட்டுக்குப் போய் வந்தாய். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்தது. பிரேக், ஏர்பேக் கோளாறுகளெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது என்பதும் போகப்போகத்தான் புரிந்தது. ஆனாலும் நீ அதை விட்டுக்கொடுக்கவில்லை. மேல்மாடிக்காரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். வைத்துக்கொள்ளலாம், வீண் இல்லை, அது சொல்வதை அப்படியே நம்பிச் செலவு செய்யாமல் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ மலைபோல நின்றாய். அந்தக் கருவியில் அழிக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் கோளாறு இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். நீ அதைத் தொட்டதில்லை. "எதுக்கு எரியறதுன்னு தெரியாம அணைக்கப்படாதுடி. அது பாவம்" என்பாய். உன் அத்திம்பேரின் தம்பி விளக்கை அழித்துவிட்டுப் பழைய காரை ஒரு வாத்தியார் தலையில் கட்டினார் என்று தெரிந்ததும் அவர்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றுவிட்டாய். அவர் மருமகள் சீமந்தத்துக்குக்கூட நீ போகவில்லை. சொந்தக்காரர்களெல்லாம், ஒரு விளக்குக்கா இவ்வளவு ரகளை என்று கேட்டார்கள். நானும் கேட்டேன்.

ஜீயபுரம் பக்கம் என் தம்பி வீட்டுக்குப் போன நாளை நீயும் மறந்திருக்க மாட்டாய். வற்புறுத்தி என்னை ஓட்ட வைத்தாய். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் அங்கேயே ஓரங்கட்டிவிட்டு இறங்கிவிட்டேன். "வண்டி வெடிச்சிடும்டி, நான் தொடமாட்டேன்" என்று வரப்பில் போய் நின்றுகொண்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்த விளக்கைக் கண்டால் நான் காரைத் தொடமாட்டேன் என்பது உனக்கு அன்றே தெரிந்துபோயிற்று.

அதற்குச் சில மாதங்கள் கழித்து நீ போன் செய்தாய். "தில்லை நகர் ஆஸ்பத்திரியில பெரியம்மா பொண்ணைச் சேர்த்திருக்கா. பார்த்துட்டு வரணும். நீ வந்து ஓட்டு" என்றாய். "நானா? ஆட்டோவுல போயேன்" என்றேன். "பாலத்து மேல நீ ஓட்டறதை நான் பார்க்கணும்டி. வருவியா மாட்டியா?" என்றாய். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. பஸ் பிடித்து உத்தர வீதியில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போயிருந்தார். நீ ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து அந்தக் கருவியோடு நிமிர்ந்தாய். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஒண்ணுமில்லை, சும்மா பார்த்தேன்" என்றாய். டாஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை. நான் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

பாலத்தில் பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அடித்து நொறுக்கினான். நான் முருகா முருகா என்று ஓட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாய். என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், "ஒருத்தரைத்தான் உள்ள விடுவா, நீ வண்டியிலயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். வெகுநேரம் கழித்து வந்தாய். வெயிலில் வெந்த கோபத்தில் உன்னைத் திட்டினேன். "எப்படி இருக்கா?" என்று கடைசியில்தான் கேட்டேன். "கவனமா இருக்கணும்னு சொல்லியிருக்கா" என்றாய். வழியில் காபி குடித்தோம். நீ சர்க்கரை வேண்டாம் என்றாய்.

சில வாரங்களில் நீ போய்விட்டாய். விடிகாலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள் என்றார்கள். நோய் இல்லை, நொடி இல்லை, நல்ல சாவு என்று ஊர் சொன்னது. நானும் வந்தவர்களிடம் அதையேதான் சொன்னேன்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். காரை வாங்க மண்ணச்சநல்லூரிலிருந்து ஓர் அரிசி மில்காரர் வருகிறார், தனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, கொஞ்சம் கூட இருக்க முடியுமா என்றார். போனேன். மில்காரர் காரைச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார், பிறகு சட்டைப் பையிலிருந்து அதே நீலக் கருவியை எடுத்துச் செருகினார். கோளாறு ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கு உன்னை நினைத்துக் கர்வமாக இருந்தது. அவர் போனை இன்னும் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அழிச்சிருக்காங்கம்மா" என்றார். "அழிச்சா வண்டி தன்னைத்தானே முதல்லேர்ந்து சோதிச்சுக்கும். அதுக்குக் கொஞ்ச நாள் ரோட்டுல ஓடணும். இதுல ஒரு சோதனைகூட முடியலைன்னு காட்டுது. பேட்டரியைக் கழட்டினாலும் இப்படி ஆகும். கழட்டினீங்களா?"

"யாரும் தொடலை. வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவேன், அவ்வளவுதான்" என்றார் உன் வீட்டுக்காரர்.

"அப்ப அழிச்சதுதாங்க. விக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பண்றதுதானே."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யாரைப் பார்த்து என்ன பேசறீங்க? இந்த வண்டிக்காரி யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அவ செத்தாலும் அந்தப் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். மில்காரர் நல்ல மனிதர். சண்டைக்கு வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க" என்று கிளம்பிவிட்டார்.

உன் வீட்டுக்காரர் கார் கதவைச் சாத்தினார். "அவளும் கடைசியா ஓட்டலையே. அன்னிக்கு அழைச்சிண்டு போனதோட வண்டி வெளியிலயே போகலை" என்றார்.

"என்னிக்கு அண்ணா?"

"உங்களுக்கு நெஞ்சு வலின்னு டாக்டர்கிட்ட அழைச்சிண்டு போனாளே, அன்னிக்குத்தான். கேக்கணும்னு இருந்தேன். இப்போ தேவலையா உங்களுக்கு?"

அந்தக் கணத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. பெரியம்மா பெண் யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. உன் தெருவில் எந்த ஆட்டோவில் ஏறினாலும் சாயங்காலத்துக்குள் அண்ணாவுக்குச் சேதி போய்விடும். நெஞ்சு வலியோடு உன்னால் ஓட்ட முடியாது. அன்று அந்த விளக்கு எரிந்திருக்கிறது; நான் ஓட்ட வேண்டுமென்றால் அது எரியக்கூடாது. அதற்காக, ஒரு சீமந்தத்தையே வேண்டாமென்று சொன்ன நீ, அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறாய். என் வாயில் எதுவும் நிற்காது என்பதால் என்னிடம் ஒரு பொய். ஏற்கெனவே இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் ஆன மனுஷன் பயந்துவிடக் கூடாது என்று அவரிடம் ஒரு பொய். எப்படியடி முடிந்தது உன்னால்?

அவர் பதிலுக்குக் காத்து நின்றார். "தேவலை அண்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு நீ நோய் நொடி இல்லாமல் போனவளாகவே இருப்பாய். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். என்னால் முடியவில்லை. உன் மேல் அவ்வளவு கோபம். முப்பத்தைந்து வருஷம் உன்னோடு வாழ்ந்தவரையும் ஏமாற்றிவிட்டு, அந்த ஏமாற்றுக்கு என்னையும் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே என்ற கோபம்.

"எனக்கு வலி எதுவும் இல்லை அண்ணா. எப்பவுமே இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குள்ள போனது அவதான்" என்றேன்.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருந்தார்.

"தினம் சாயங்காலம் உங்களைப் பத்திச் சொல்லுவாளே" என்றார். "பாவம், படி ஏறினா மூச்சு வாங்கறதாம் அவளுக்கு. இடது தோளெல்லாம் இழுக்கறதாம். படுத்தா நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்காம். ரொம்பப் பயப்படறான்னு சொல்லி அழுதா ஒரு நாள். சிநேகிதிக்காக இப்படி உருகறாளேன்னு நினைச்சேன். நான்தான் தேத்தினேன். அவளுக்கு ஒண்ணும் ஆகாதுடீன்னு தலையைத் தடவிக் கொடுத்தேன்."

நான் அழுதுவிட்டேன். நீ அவரிடம் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. வலி, பயம், அழுகை, எல்லாவற்றையும் அவர் மடியில் கொட்டியிருக்கிறாய். பெயரை மட்டும் மாற்றிவிட்டாய்.

"தாயார் சன்னதிக்குத் தினம் போனேன்" என்றார் அவர். "உங்க பேரைச் சொல்லித்தான் வேண்டிண்டேன். இந்தப் பொண்ணுக்கு நெஞ்சு வலி போகணும், தீர்க்காயுசா இருக்கணும்னு. ஒரு நாள் விடலை."

என்னைக் குறைசொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அப்புறம் எழுந்து, "உங்களுக்காவது சேர்ந்ததே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சேர்ந்திருக்கிறதடி. எனக்கு ஒரு குறையும் இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன், தோள் இழுக்கவில்லை. உன் வலிக்காக உன் புருஷன் என் பேரில் கேட்டு வாங்கியதையெல்லாம் நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வழியில்லை.