மேல்பக்கத்து ஈயம்

மார்ச் 4
மாமி கட்டிலில் கிடந்தபடி பால்மா ரின்னில் கரண்டியால் தட்டினா எண்டால் புங்குடுதீவு முழுக்கக் கேட்கும். இண்டைக்கு ஓடிப்போய் நிண்டால், “பிள்ளை பெறத் தெரியாது, ஈயம் உருக்க மட்டும் தெரியும்.” நான் வீட்டில் ஈயம் வைச்சு சர்க்கிட் போர்ட் செய்யிறதைத்தான் சொல்லுறா. பக்கத்து வீட்டு மேரிசுகந்தி அக்கா பார்த்துக்கொண்டு நிக்கிறா. எனக்கு உடம்பெல்லாம் பத்தி எரிஞ்சுது.
பாரிசிலிருந்து இவர், “அம்மாவுக்கு ஒரு பெல் செய்து குடும்” எண்டார்.
ஓம், செய்யிறன்.

மார்ச் 9
பெல்லுக்கான சர்க்கிட் போர்ட் முடிஞ்சுது. இரண்டு பக்கமும் செம்பு, நானே கரைச்சு எடுத்த தகடு. பொத்தானை அழுத்தினால் கீழ்ப்பக்கப் பாதையால் மாமியின் கட்டில் லைற் எரியும், மேல்பக்கத்தால் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், பெல் அடிக்கும்.

மார்ச் 10
காலமையெல்லாம் ஒரு சத்தமில்லை. நித்திரையாக்கும் எண்டு நினைச்சன். போய்ப் பார்த்தால் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் சிவந்துபோய்க் கிடக்கிறா. “செவிடி! தண்ணி கேட்டு எவ்வளவு நேரம்?”
லைற் எரியுது. பெல் அடிக்கேல்லை.
கழற்றிப் பார்த்தன். கடைப் போர்ட் எண்டால் துளைக்குள்ளும் செம்பு இருக்கும், ஒரு பக்கம் ஈயம் வைச்சால் போதும். வீட்டில் செய்ததுக்குத் துளைக்குள்ளால போற ஒவ்வொரு கம்பிக் காலுக்கும் இரண்டு பக்கமும் வைக்கவேணும். பெல் பாதைக்குப் போற ஒரு காலுக்கு மேலே வைக்க மறந்திட்டன். ஒரு சொட்டு!
நாளைக்கு வைப்பம்.

மார்ச் 11
வைக்கேல்லை.

மார்ச் 19
ரின்னை ஒளிச்சிட்டன். “லைற் எரியுதெல்லோ மாமி? அப்ப எனக்குக் கேட்குது. வேலையாய் நிண்டனான், பொறுங்கோ.” அவவின் முகம் சுருங்கிப்போச்சு. எனக்குச் சந்தோசமாய் இருந்தது — எனக்கு நானே ஏன் பொய் எழுதவேணும்?

ஏப்ரல் 2
மாமி விழுந்திட்டா. தானே கக்கூசுக்குப் போக எழும்பினவவாம். இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாச்சு.
போனில் இவர், “பெல் இருந்துமா?” எண்டு சத்தம்போட்டார். மாமி போனை வாங்கினா. “அவவில பிழையில்லை தம்பி. நான்தான் அடிக்கேல்லை.”
என்னைப் பார்க்காமல் சொன்னா. என்னத்துக்கு எனக்காகப் பொய் சொன்னவ? பயமோ?

ஏப்ரல் 21
மாமியை வீட்டுக்குக் கொண்டு வந்தன். முதல் வேலையாய் அந்தக் காலுக்கு மேல்பக்கம் ஈயம் வைச்சன். அழுத்திப் பார்த்தன். பெல் குசினியில் அலறிச்சுது.

மே 3
வந்த நாளிலிருந்து அவ ஒருக்காலும் அடிக்கேல்லை. பின்னேரம் போனால் படுக்கை நனைஞ்சு, குளிர்ந்து கிடக்கு. பெல் பொத்தான் கைக்குப் பக்கத்தில்தான்.
“ஏன் மாமி அடிக்கேல்லை? இப்ப நல்லாய்க் கேட்குமே!”
“அடிச்சா வரமாட்டீர், பிள்ளை. அடிக்காட்டி எப்பவாவது வருவீர்.”

மே 4
ரின்னையும் கரண்டியையும் எடுத்துக் கட்டிலில் வைச்சன். அதையும் தொடுறா இல்லை.